அரைமண்டியில் முட்டி திறக்க: இடுப்பு மூட்டுப் பயிற்சிக்கு முழுமையான வழிகாட்டி

பரதநாட்டியத்தின் அடிப்படை நிலையான அரைமண்டியில் (பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முட்டிகளை மடக்கிப் பாதி உட்காரும் நிலை) முட்டி பக்கவாட்டில் திறக்காத மாணவிக்கு வகுப்பில் கிடைக்கும் திருத்தம் பெரும்பாலும் ஒன்றுதான்: "இன்னும் நல்லா உட்காரு." அவளும் உட்காருகிறாள். பாதம் மட்டும் பக்கவாட்டில் திரும்புகிறது, முட்டி முன்னால் வருகிறது, பின்புறம் துருத்துகிறது, முதுகு வளைகிறது. அவள் உழைப்பில் குறையில்லை. வரிசை தலைகீழாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

தொடை எலும்பு இடுப்புக் குழிக்குள் முதலில் சுழல வேண்டும். அந்தச் சுழற்சியைத் தசை பிடித்து நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் முட்டி மடங்க வேண்டும். பாதம், முட்டி காட்டும் திசையில் போய் அமர்ந்தால் போதும். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாப் படிகளும் இந்த வரிசையைத்தான் பின்பற்றுகின்றன.

பாலே ஆடுபவர்களுக்கும் மூட்டு இதேதான் என்பதால் 1 முதல் 6 வரையிலான பகுதிகள் அவர்களுக்கும் பொருந்தும். ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பாலேவில் முட்டி அடிக்கடி நேராக நிமிர்வதால், பாதத்தை மட்டும் திருப்பி ஏமாற்றினால் உடனே தெரிந்துவிடும். பரதத்தில், வர்ணம் போன்ற நீண்ட உருப்படியின் அடவுகளில்கூட, முட்டி பெரும்பாலும் மடங்கியே இருக்கும். முட்டி மடங்கியிருந்தால் அதற்குக் கீழே கெண்டைக்கால் தனியாகத் திரும்ப இடம் கிடைக்கும். அதனால் தவறு வருடக்கணக்கில் மறைந்தே இருந்து, ஒருநாள் முட்டி வலியாக வெளியே வரும்.

1. தொடங்குமுன் வேண்டியவை

பொருட்கள் அதிகம் இல்லை. ஒரு யோகா விரிப்பு, இரண்டு கெட்டியான தலையணைகள், மடித்த போர்வை, டென்னிஸ் பந்து ஒன்று, நடுத்தர இழுவிசையுள்ள ரப்பர் பட்டை, தடித்த சாக்ஸ் ஒரு ஜோடி, ஒரு முழ நூலில் கட்டிய சாவி. வழுக்கும் டைல்ஸ் தரை கொஞ்சம் இருந்தால் நல்லது. ஏன் என்பது 2ஆம் பகுதியில் வரும்.

உடை விஷயத்தில் ஒன்று. பயிற்சிப் புடவையின் மடிப்பு முட்டியை மறைத்துவிடும். இந்தப் பயிற்சிகளின்போது முட்டிச்சில் தெரியும்படி அரைக்கால் சட்டையோ, ஒட்டிய லெக்கிங்ஸோ அணியுங்கள். பெரிய கண்ணாடியைவிட, எதிரே தரைமட்டத்தில் நிறுத்திய செல்போன் கேமரா உண்மையைச் சொல்லும். கண்ணாடியைப் பார்க்கும்போது நாம் அறியாமலே திருத்திக்கொள்கிறோம்.

யார் தனியாகத் தொடங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடலாம். தொடையிடுக்கில் கிள்ளும் வலி உள்ளவர்கள், கடந்த 6 மாதத்துக்குள் முட்டியில் அடிபட்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். முழங்கையும் முட்டியும் பின்பக்கம் வளையும் அளவுக்கு மூட்டுகள் தளர்ந்த மாணவிகள் 5ஆம் பகுதியை விட்டுவிட்டு 6ஆம் பகுதிக்குப் போகலாம். அவர்களிடம் வளைவு ஏற்கெனவே இருக்கிறது, பிடிமானம்தான் இல்லை. மேலும் நீட்டினால் நிலைமை மோசமாகும்.

2. முதலில் அளந்துகொள்ளுங்கள்

பெரும்பாலோர் தவிர்க்கும் படி இது. அளக்காமல் நீட்டிப் பயிற்சி செய்தால், தசை இறுக்கத்தோடு போராடுகிறோமா எலும்போடு மோதுகிறோமா என்பதே தெரியாது. உடல் சூடாவதற்கு முன், ஒரே அமர்வில், இரண்டு கால்களையும் அளந்து எழுதிவையுங்கள். இரு கால்களும் சமமாக இருப்பது அரிது.

முதல் சோதனை, குப்புறப் படுத்து. முட்டிகளைச் சேர்த்து வைத்து, ஒரு முட்டியை மட்டும் 90 டிகிரி மடக்குங்கள். பாதம் கூரையைப் பார்க்கும். இப்போது அந்தக் கெண்டைக்காலை மற்றக் காலின் மேலாக உள்பக்கம் சாய விடுங்கள். பலர் குழம்புவது இங்கேதான். பாதம் உள்ளே சாயும்போது தொடை எலும்பு வெளிப்புறமாகச் சுழல்கிறது. பாதம் வெளியே சாய்ந்தால் அது உள்புறச் சுழற்சி. இரண்டையும் அளக்க வேண்டும். ஒருவர் உங்கள் இடுப்பின் பின்பகுதியில் உள்ளங்கையை வைத்திருக்கட்டும். இடுப்பு ஒரு பக்கம் எழத் தொடங்கும் கணமே அளவு முடிந்தது. செல்போனில் கோணம் காட்டும் செயலியைத் திறந்து கெண்டைக்கால் எலும்போடு ஒட்டிப் பிடித்தால் டிகிரி கிடைக்கும். செங்குத்தாக நிற்பது 0.

இரண்டாம் சோதனை, மேசை விளிம்பில் உட்கார்ந்து. தொடை முழுக்க மேசையில் படிந்திருக்க, கால்கள் தொங்க வேண்டும். மற்றவர் உங்கள் பாதத்தைப் பிடித்து உள்பக்கமாக மேலே தூக்கட்டும், எவ்வளவு போகிறது என்று பாருங்கள். பிறகு அவர் கையை எடுத்துவிட, நீங்களே அதே இடத்துக்குத் தூக்கி 5 நொடி நிறுத்துங்கள். படுத்துச் செய்யும் சோதனையில் புவியீர்ப்பு உதவிக்கு வந்துவிடும். உட்கார்ந்த நிலையில் அது எதிராக நிற்பதால் உங்கள் தசையின் உண்மையான பலம் தெரியும்.

மூன்றாம் சோதனை டைல்ஸ் தரையில். சாக்ஸ் அணிந்து, முட்டி நேராக, பாதங்கள் முன்னோக்கி இருக்க நில்லுங்கள். குதிகால்கள் சேர்ந்திருக்கட்டும். தரையைக் காலால் பிடிக்காமல், தொடையிலிருந்து மட்டும் இரு கால்களையும் வெளிப்புறமாகத் திருப்புங்கள். பாதங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றனவோ அதுதான் உங்கள் சொந்தக் கோணம். வெறுங்காலோடு ஒட்டும் விரிப்பில் நின்றால் 20, 30 டிகிரி கூடுதலாகக் கிடைத்ததுபோல் தோன்றும். அந்தக் கூடுதலைத் தருவது தரையின் உராய்வு. ஆடும்போது அதன் விலையைக் கொடுப்பது முட்டி.

அளவுகளை எப்படிப் படிப்பது? பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இடுப்பின் வெளிப்புறச் சுழற்சி 40 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும். ஒவ்வொரு பாதமும் 90 டிகிரி திரும்பி ஒரே கோட்டில் நிற்க வேண்டுமானால் அதில் 60, 70 டிகிரியாவது இடுப்பிலிருந்து வர வேண்டும். அப்படிப்பட்ட இடுப்பு சிலருக்கே வாய்க்கும். மற்றவர்களுக்கு இரு பாதங்களுக்கு நடுவே 120 முதல் 140 டிகிரி என்பது மரியாதையான, பாதுகாப்பான அரைமண்டி. 180 கேட்டு அடம்பிடிப்பதில் அழகு கூடுவதில்லை. முட்டி முன்னால் விழுந்த 180ஐவிட முட்டி பாதத்தின் மேலே நிற்கும் 130 மேடையில் அகலமாகவே தெரியும்.

உட்கார்ந்த சோதனையில் மற்றவர் தூக்கியது 50, நீங்கள் தூக்கியது 35 என்றால் உங்களுக்கு வேண்டியது பலம். நீட்டலுக்கு நேரத்தைக் குறைத்து 6ஆம் பகுதியில் செலவிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக, இரண்டுமே குறைவாக இருந்தால் நீட்டல் பயன் தரும். உட்கார்ந்தால் நிறைய, குப்புறப் படுத்தால் குறைவு என்றால் இடுப்பின் முன்பக்கம் இறுக்கம், 5ஆம் பகுதியின் முதல் நீட்டலே உங்களுக்கு முக்கியம்.

உள்புறச் சுழற்சி 70 டிகிரியைத் தொட்டு, வெளிப்புறம் 25இல் நின்றுவிட்டால் தொடை எலும்பின் கழுத்து முன்னோக்கித் திரும்பிய அமைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தத் திருப்பம் பிறக்கும்போது எல்லோருக்கும் 40 டிகிரிக்கு அருகில் இருந்து, வளர வளரக் குறைந்து, பெரியவர்களில் 15 டிகிரி அளவில் நிற்கும். சிலருக்கு அவ்வளவு குறைவதில்லை. இது எலும்பின் வடிவம். எந்த நீட்டலும் அதை மாற்றாது. அப்படிப்பட்டவர்கள் கிடைத்த கோணத்தை முழுமையாகப் பிடித்து ஆடப் பழகுவதே வழி.

3. கணுக்காலைச் சோதியுங்கள்

இடுப்பைப் பற்றிய வழிகாட்டியில் கணுக்கால் எதற்கு என்று தோன்றும். அரைமண்டியில் குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. முட்டி வெளியே போகப் போகக் கணுக்கால் மடங்கியாக வேண்டும். அது மடங்காவிட்டால் பாதத்தின் உள்வளைவு சரிந்து அந்த இடத்தை ஈடுகட்டும். பாதம் சரிந்தால் முட்டியும் உள்ளே சரியும். பார்ப்பவர் இடுப்புதான் திறக்கவில்லை என்று நினைப்பார்.

சுவரிலிருந்து பெருவிரல் 10 செ.மீ. தள்ளி இருக்கும்படி பாதத்தை வையுங்கள். குதிகால் எழாமல் முட்டி சுவரைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால், முட்டியை மடக்கியபடி கெண்டைக்காலின் கீழ்ப்பகுதியை நீட்டும் பயிற்சியை 30 நொடி வீதம் 3 முறை, தினமும் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டியை நேராக வைத்து நீட்டுவது வேறு தசைக்குப் போய்விடும், இங்கே அது போதாது.

4. உடலைச் சூடாக்குதல்: 8 முதல் 10 நிமிடம்

வெளியே வெயில் 38 டிகிரி என்பதால் தசை சூடாகிவிடாது. குளிரூட்டிய அறையில் பயிற்சி செய்பவர்களுக்கு இன்னும் கூடுதல் நேரம் தேவை.

3 நிமிடம் வேகமாக நடந்தோ, மெதுவாக ஓடியோ மூச்சைக் கூட்டுங்கள். பிறகு சுவரைப் பிடித்து ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் 15 முறை, பக்கவாட்டில் 15 முறை வீசுங்கள். மடக்கிய முட்டியால் காற்றில் வட்டம் போடுவது இரு திசையிலும் 10. கடைசியாகப் பாதி ஆழத்துக்கு மட்டும் 10 முறை அரைமண்டியில் இறங்கி எழுங்கள். நெற்றியில் லேசாக வியர்வை அரும்பினால் போதும்.

இந்த இடத்தில் நீண்ட நேரம் அசையாமல் நீட்டி உட்கார வேண்டாம். ஒரு நிமிடத்துக்கும் மேல் ஒரே நிலையில் நீட்டிப் பிடித்தால் தசையின் வேகமும் விசையும் தற்காலிகமாகக் குறையும். கச்சேரிக்கு முன் பக்கவாட்டில் கால் விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

5. நீட்டல்கள்: முன்பக்கம், உள்தொடை, கடைசியில் தவளை

வரிசையை மாற்றாதீர்கள். முன்பக்கம் இறுக்கமாக இருக்கும்போது உள்தொடையை நீட்டினால் இடுப்பெலும்பு முன்னால் கவிழ்ந்துகொண்டு தப்பிக்கும்.

முன்பக்கம். ஒரு முட்டியை மடித்த போர்வையில் ஊன்றி, மற்றப் பாதத்தை முன்னால் வையுங்கள். உடனே முன்னால் சாயாதீர்கள். முதலில் பின்புறத்தை உள்ளே சுருட்டி, அடிவயிற்றை மேலே இழுங்கள். ஊன்றிய காலின் தொடை மேல்பகுதியில் இழுப்பு அப்போதே தெரியும். அதன் பிறகு 2, 3 செ.மீ. மட்டும் முன்னால் நகருங்கள். 30 நொடி, பக்கத்துக்கு 2 முறை.

இதற்கு ஏன் இவ்வளவு கவனம்? இடுப்பு மூட்டின் முன்பக்கம் ஒரு வலுவான நாண் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும்போது அது இறுகி வெளிப்புறச் சுழற்சியைத் தடுக்கும். இடுப்பெலும்பை முன்னால் கவிழ்த்தால் அது தளர்ந்து, காலுக்குக் கொஞ்சம் கூடுதல் திருப்பம் கிடைக்கும். மாணவிகள் பின்புறத்தைத் துருத்துவதற்குக் காரணம் சோம்பல் என்று ஆசிரியர்கள் நினைப்பதுண்டு. உண்மையில் அவர்கள் உடல் அந்த நாணைத் தளர்த்தக் குறுக்குவழி கண்டுபிடித்திருக்கிறது. முன்பக்கத்தைச் சரிசெய்தால் துருத்தல் பாதி தானே குறையும். மீதி அடிவயிற்றுப் பலத்தின் வேலை.

உள்தொடை. மடித்த போர்வையின் மேல் உட்கார்ந்து பாதங்களை ஒட்டவையுங்கள். குதிகால்கள் தொடையிடுக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். மிக அருகில் இழுத்தால் முட்டிக்கு அழுத்தம் கூடும். உள்ளங்கைகளை முட்டிக்குச் சற்று மேலே, தொடையின் மீது வைத்து, முட்டிகளை மேல்நோக்கிக் கைகளுக்கு எதிராக 6 நொடி அழுத்துங்கள். முழுப் பலத்தோடு வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு போதும். பிறகு மூச்சை விட்டுத் தளர்த்தி, முட்டிகள் தாமாக இறங்க 20 நொடி விடுங்கள். இப்படி 4 சுற்று. முட்டிகளைப் படபடவென்று அடிப்பது இங்கே பரவலான பழக்கம். அப்படி அடித்தால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும்.

மல்லாந்து படுத்தும் இதையே செய்யலாம். பாதங்கள் ஒட்டியிருக்க, இரு தொடைகளுக்கும் அடியில் தலையணை கொடுத்து 2 நிமிடம். தலையணை இருப்பதால் தசை பயப்படாமல் விடும். வாரம் போகப்போகத் தலையணையை மெலிதாக்குங்கள்.

தவளை. கைகளையும் முட்டிகளையும் ஊன்றி, முட்டிகளை அகட்டி, பாதங்களின் உள்விளிம்பு தரையில் படியும்படி வையுங்கள். முட்டியும் கணுக்காலும் ஒரே நேர்கோட்டில், இரு கெண்டைக்கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். முட்டிக்கு அடியில் போர்வை கட்டாயம். முழங்கைகளை ஊன்றி, இடுப்பை மெதுவாகப் பின்னோக்கித் தள்ளுங்கள். 30 நொடி, 3 முறை. வெளியே வரும்போது உடலை முன்னால் நகர்த்திக் குப்புறப் படுத்து, பிறகு கால்களைச் சேருங்கள். நேரே முட்டிகளை இழுத்துச் சேர்த்தால் தொடையிடுக்கில் பிடித்துக்கொள்ளும்.

தவளையில் படுத்திருக்கும் குழந்தையின் இடுப்பில் ஒருவர் அமுக்குவது, தொடையில் ஏறி நிற்பது, அந்த நிலையிலேயே தூங்கச் சொல்வது ஆகியவை இன்னும் நடக்கின்றன. நிறுத்த வேண்டும். வெளியிலிருந்து வரும் எடை எங்கே போய் அழுத்துகிறது என்று அமுக்குபவருக்கும் தெரியாது, அமுக்கப்படுபவருக்கும் தெரியாது. எலும்பு எலும்போடு முட்டும் இடத்தில் எடை விழுந்தால் குழியின் விளிம்பில் உள்ள மெத்தென்ற வளையம் நசுங்கும்.

யோகா வகுப்பிலிருந்து பலர் புறா ஆசனத்தை இதோடு சேர்த்துக்கொள்கிறார்கள். அது நீட்டுவது புட்டத்தின் ஆழத்தில் உள்ள தசைகளை. அரைமண்டியில் தொடையைச் சுழற்றிப் பிடிப்பதே அந்தத் தசைகள்தான். ஆடி முடித்தபின் களைப்பு நீங்க அது நல்லது. கோணத்தைக் கூட்ட அதை நம்பினால் ஏமாற்றம்தான். டென்னிஸ் பந்தின் வேலையும் இதேதான்: ஆட்டம் முடிந்தபின் புட்டத்துக்கு அடியில் வைத்து ஒரு பக்கம் 1 நிமிடம். கால் மரத்தாலோ மின்சாரம் பாய்வதுபோல் இருந்தாலோ பந்து நரம்பின் மேல் இருக்கிறது, உடனே நகர்த்துங்கள்.

6. பிடிமானம்: நீட்டிய உடனே செய்ய வேண்டியது

நீட்டலில் கிடைத்த இடத்தைத் தசை அன்றைக்கே ஒருமுறையாவது பயன்படுத்தவில்லை என்றால் மறுநாள் அது இருக்காது. புட்டத்தின் ஆழத்தில், பெரிய தசைக்கு அடியில், 6 சிறு தசைகள் இடுப்பெலும்பிலிருந்து தொடை எலும்பின் தலைக்கு அருகே போகின்றன. அவைதான் சுழற்றிப் பிடிப்பவை. மேலே உள்ள பெரிய தசையை இறுக்கினால் இடுப்பு முன்னால் தள்ளப்பட்டு, தட்டும் கால் எழவே சிரமப்படும்.

அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. மல்லாந்து படுத்து, கால்களை நீட்டி, புட்டத்துக்கு அடியில் விரல்களை வையுங்கள். தொடைகளை வெளிப்புறமாகச் சுழற்றுங்கள். புட்டம் முழுவதும் கல்லாக இறுகினால் வேகத்தைக் குறைத்து மறுபடி செய்யுங்கள். உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில், ஆழத்தில், சிறு அசைவு மட்டும் தெரிய வேண்டும். இது பிடிபட ஒரு வாரம் ஆகலாம். பிடிபடாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

சிப்பி. பக்கவாட்டில் படுத்து, இடுப்பை 45 டிகிரி, முட்டியை 90 டிகிரி மடக்கி, குதிகால்களை ஒட்டியபடி மேல் முட்டியைத் திறங்கள். 15 முறை, 2 சுற்று. முதுகைச் சுவரில் ஒட்டிப் படுத்தால் நல்லது. இடுப்பு பின்னால் உருள்வதுதான் இதில் நடக்கும் ஏமாற்று. சுவர் இருந்தால் அது முடியாது. திறப்பு சிறியதாகிவிடும், அந்தச் சிறிய திறப்பே சரியானது.

குதிகால் அழுத்தம். குப்புறப் படுத்து, முட்டிகளை அகட்டி மடக்கி, குதிகால்களை ஒன்றோடொன்று 5 நொடி அழுத்தி விடுங்கள். 10 முறை. இடுப்பு வளைந்தால் வயிற்றுக்கு அடியில் தலையணை.

ரப்பர் பட்டை. நாற்காலியில் உட்கார்ந்து, பட்டையின் ஒரு முனையைக் கணுக்காலிலும் மறுமுனையை அதே காலின் வெளிப்பக்கத்தில் உள்ள மேசைக் காலிலும் கட்டுங்கள். முட்டி அசையாமல், பாதத்தை உள்பக்கமாக இழுங்கள். 12 முறை, 3 சுற்று. திரும்பி வரும்போது 3 எண்ணிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையை உள்பக்கம் கட்டிவிட்டு பாதத்தை வெளியே தள்ளுவது அடிக்கடி நடக்கும் பிழை. அது நேர் எதிரான தசையைப் பலப்படுத்தும்.

சாக்ஸ் சுழற்சி. 2ஆம் பகுதியின் மூன்றாம் சோதனையையே பயிற்சியாக்குங்கள். டைல்ஸில் நின்று, முன்னோக்கிய பாதங்களை மெதுவாகத் திறந்து, 3 நொடி நிறுத்தி, மெதுவாக மூடுங்கள். 10 முறை. ஆடும் நிலைக்கு மிக அருகில் இருப்பது இந்தப் பயிற்சிதான். நேரமில்லாத நாளில் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

7. அரைமண்டியை மறுபடி கட்டுதல்

இங்கே அவசரப்படுபவர்கள்தான் அதிகம். முதலில் கோணம், பிறகு ஆழம், பிறகு தட்டு, கடைசியில் காலம் (வேகம்; முதல் காலம் மெதுவானது).

சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். பாதங்கள் முன்னோக்கி இருக்க, தொடையிலிருந்து சுழற்றிப் பாதங்களைத் திறந்து, உங்கள் சொந்தக் கோணத்தில் நிறுத்துங்கள். குதிகால்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பது உங்கள் பாணியைப் பொறுத்தது, அதில் ஆசிரியர் சொல்வதே இறுதி. பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் ஆகிய மூன்றிலும் எடை சமமாக இருக்கட்டும். பெருவிரல் அடி மட்டும் அழுந்தி உள்வளைவு தரையைத் தொட்டால் கோணம் உங்களுக்கு அதிகம்.

4 எண்ணிக்கையில் பாதி ஆழம் இறங்குங்கள். 4 எண்ணிக்கை நிறுத்தி, 4 எண்ணிக்கையில் எழுங்கள். 8 முறை. தலை, முதுகின் மேல்பகுதி, புட்டம் மூன்றும் சுவரோடு உரசியபடியே இறங்க வேண்டும்.

நிறுத்தியிருக்கும்போது, முட்டிச்சில்லின் நடுவிலிருந்து சாவி கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். சாவி பாதத்தின் இரண்டாம் விரல் நோக்கிய கோட்டில் விழ வேண்டும். பெருவிரலுக்கும் உள்ளே விழுந்தால் என்ன செய்வது? கிட்டத்தட்ட எல்லோரும் முட்டியைப் பின்னால் தள்ள முயல்வார்கள். பாதத்தை முன்னால் கொண்டுவாருங்கள், அதுதான் சரி. முட்டி இருக்கும் இடம் உங்கள் இடுப்பு தந்த இடம், பாதம்தான் அதை மீறிப் போயிருக்கிறது. அப்படியே விட்டுத் தட்டத் தொடங்கினால், ஈரத்துணியை ஒரு முனையில் பிடித்து மறுமுனையில் முறுக்குவோமே, அதே வேலை ஒவ்வொரு தட்டுக்கும் முட்டியில் நடக்கும். உள்பக்க நாணும் அதனோடு ஒட்டிய குருத்தெலும்பும் முதலில் பாதிக்கப்படும்.

இரண்டு வாரம் பாதி ஆழத்தில் நூல் சரியாக விழுந்தால் மட்டும் இன்னும் இறங்குங்கள். ஒருமுறைக்கு இரண்டு விரற்கடை போதும். ஒவ்வொரு புதிய ஆழத்திலும் நூல் சோதனை உண்டு.

அடுத்து ஒற்றைக்கால். இரு காலில் அழகாக நிற்கும் அரைமண்டி, ஒரு காலைத் தூக்கியதும் கலைவதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். முழு எடையும் ஊன்றிய காலுக்கு வருவதால் அதன் முட்டி முன்னால் விழும், இடுப்பு அந்தப் பக்கம் தள்ளும். எனவே முதல் தட்டடவை (பாதத்தால் தரையைத் தட்டும் அடிப்படை அடவு) சத்தமில்லாமல் தொடங்குங்கள். "தையா தை" என்று வாயால் மட்டும் சொல்லி, குதிகால் புட்டத்தை நோக்கி எழும்படி காலை மடக்கித் தூக்கி, 2 எண்ணிக்கை நிறுத்தி, பாதத்தை ஓசையின்றி வையுங்கள். பக்கத்துக்கு 8. கேமராவில் பார்க்க வேண்டியது தூக்கிய காலை அல்ல, ஊன்றிய காலின் முட்டியை.

அது அசையாதபோது தட்டலாம், முதல் காலத்தில் மட்டும். பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் விழ வேண்டும். இரண்டாம் காலத்தில் முட்டி வரிசை கலைந்தால் முதல் காலத்துக்கே திரும்புங்கள். மூன்றாம் காலத்தில் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்க்காமல் யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

காரையும் டைல்ஸும் கருங்கல்லும் தட்டின் விசையை அப்படியே திருப்பி அனுப்பும். மரத்தளம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கெட்டியான தரைவிரிப்பு பரவாயில்லை. ஒட்டும் யோகா விரிப்பில் தட்டடவு பழகாதீர்கள். பாதத்தை அது பிடித்துக்கொள்ளும், முட்டி மட்டும் நகரும்.

முழுமண்டி இதற்கெல்லாம் பிறகு. அங்கே குதிகால் எழுந்து, முட்டி முழுக்க மடங்குவதால் முட்டிச்சில்லின் மீது அழுத்தம் பலமடங்கு. அரைமண்டியில் நூல் சரியாக விழாதவர் முழுமண்டி அடவுகளைத் தள்ளிப்போடுவதே நல்லது.

8. வாரத் திட்டமும் மறுஅளவும்

நீட்டல் வாரத்துக்கு 4 அல்லது 5 நாள், பிடிமானப் பயிற்சி ஒருநாள் விட்டு ஒருநாளாக 3 நாள். எல்லாம் சேர்த்து 40 நிமிடத்தைத் தாண்டாது. வகுப்பு முடிந்தபின் செய்வதே சிறந்தது, உடல் ஏற்கெனவே சூடாக இருக்கும். கச்சேரிக்கு முந்தைய நாளும் அன்றும் 4ஆம் பகுதி மட்டும்.

8 வாரத்துக்கு ஒருமுறை 2ஆம் பகுதியின் சோதனைகளை அதே நேரத்தில், அதே முறையில் செய்யுங்கள். முதலில் நெருங்குவது, மற்றவர் தூக்கிய அளவுக்கும் நீங்கள் தூக்கிய அளவுக்கும் உள்ள இடைவெளி. மொத்தக் கோணம் சில டிகிரி கூடினாலே நல்ல முன்னேற்றம். தினமும் அளந்தால் மனச்சோர்வுதான் மிஞ்சும்.

திடீரென்று உயரம் கூடும் வயதில், பெண்குழந்தைகளுக்கு ஏறக்குறைய 11 முதல் 14க்குள், எலும்பு முன்னால் ஓடும், தசை பின்னால் வரும். நேற்று வந்தது இன்று வராது. அந்த மாதங்களில் நீட்டலைப் பாதியாக்கி, பிடிமானத்தை அப்படியே தொடருங்கள். "சோம்பேறியாகிவிட்டாள்" என்ற பேச்சு வேண்டாம்.

9. வலி வந்தால்

உள்தொடைச் சதையில் பரவலாக, இழுப்பதுபோல் இருந்து, விட்டதும் மறைந்தால் அது நீட்டலின் இயல்பு.

தொடையிடுக்கின் முன்பக்கம் ஒரு புள்ளியில் கிள்ளினால் உடனே நிறுத்துங்கள். அங்கே எலும்பு விளிம்புகள் மோதுகின்றன. "கொஞ்சம் பொறுத்தால் திறந்துவிடும்" என்பது இந்த வலிக்கு மட்டும் பொருந்தவே பொருந்தாது. கோணத்தைக் குறைத்தும் இரண்டு வாரத்தில் போகாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

முட்டியின் உள்பக்கம் வலித்தால் நூல் சோதனைக்குத் திரும்புங்கள், பாதம் அதிகம் திரும்பியிருக்கும். முட்டி வீங்கினால், பூட்டிக்கொண்டால், படி இறங்கும்போது நழுவினால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

கால் வீசும்போது இடுப்பில் 'டக்' என்ற சத்தம் வலியில்லாமல் வந்தால் பெரும்பாலும் நாண் எலும்பைத் தாண்டும் ஓசைதான். அதைக் கேட்பதற்காகத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். வலியோடு வந்தால் பிசியோதெரபிஸ்ட் பார்க்க வேண்டும்.

கீழ்முதுகு வலித்தால் பின்புறம் துருத்துகிறது என்று பொருள். முன்பக்க நீட்டலும் சுவர்ப் பயிற்சியும் இரண்டு வாரம், அதுவரை ஆழம் பாதி. கெண்டைக்காலின் உள்விளிம்பு எலும்பை ஒட்டி வலித்தால் பாதத்தின் உள்வளைவையும், எந்தத் தரையில் தட்டுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். அங்கே விரலால் அமுக்கும்போது ஒரே புள்ளியில் கூர்மையாக வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் கீறல் இருக்கலாம். தட்டுவதை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.